ஒற்றியூரில் வற்றிய வெள்ளம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

திருவொற்றியூர் என்னும் பெயருக்குப் பொருள் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். 'ஒற்றி' என்றால் அடமானம். வீட்டை ஒற்றி வைத்தல், நிலத்தை ஒற்றிக்கு விடுதல் என்பன பத்திரம் எழுதுவோர் நன்கறிந்த சொற்கள். ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த வள்ளலார், ஒற்றியூருக்கு வந்து வழிபட்டுப் பாடிய பாடல்களில் இப்பொருளை வைத்துச் சிலேடையாக விளையாடியிருக்கிறார். கடன்பட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சிலேடை சட்டென்று புரிந்துவிடும்!

இரண்டாவது விடை தலபுராணம் தருவது. ஊழி வெள்ளம் உலகை மூடிக் கிடந்தது. மீண்டும் உலகம் தோன்ற வேண்டுமென்று நான்முகன் வேண்டினான். சிவபெருமான் வெப்பத்தை உண்டாக்கி, அந்த நீரை ஒற்றி எடுத்தார். அவ்வெப்பமே திரண்டு லிங்கமாயிற்று. ஆதியில் தோன்றியமையால் ஆதிபுரீசுவரர். நீரை ஒற்றியமையால் ஊர் ஒற்றியூர். எங்கள் ஆயா இதை இன்னும் எளிமையாகச் சொல்லுவார்: "காயத்துல பஞ்சு வச்சு ஒத்துறோம் இல்ல, அந்த மாதிரி சாமி தண்ணிய ஒத்தி எடுத்துட்டாரு."

உலகம் முழுவதையும் மூடிய வெள்ளத்தை ஓர் ஊரில் வைத்து ஒற்றியெடுத்தார் என்ற இக்கதைக்கு உலகில் உறவுகள் உண்டா? இக்கேள்வியோடு நூலகத்திற்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்த நூலை முதலில் எடுப்பது என்று சொல்ல வீட்டில் எவருமில்லை. எனவே கையில் கிடைத்த தெய்வக் கதைகளையெல்லாம் படித்தேன். கணிதம் படிப்பவளுக்கு ஏன் இந்த வேலை என்று தோழியர் கேலி செய்தனர். கணக்கில் ஒரு பழக்கம் உண்டு. பல சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்க வேண்டுமானால், எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள மாறிகள் எவை என்று முதலில் பார்ப்போம். வெள்ளக் கதைகளிலும் அவ்வாறு நான்கு கேள்விகளைப் பொதுவாக வைத்துக்கொண்டேன். வெள்ளம் ஏன் வந்தது? யாருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது? யார் பிழைத்தார்? நீர் எப்படி வடிந்தது? இவற்றுள் இரண்டாவது கேள்வியே என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

சுவரிடம் சொன்ன தெய்வம்

நமக்குக் கிடைத்துள்ள வெள்ளக் கதைகளுள் மிகப் பழையவை இன்றைய ஈராக் நாட்டின் களிமண் பலகைகளில் உள்ளன. அவற்றைப் படித்த கதையே ஒரு நல்ல கதை. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1840-இல் இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் தொழிலுக்குப் போனவர். நண்பகல் உணவு இடைவேளைகளில் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு ஓடி ஓடி, ஆப்பெழுத்தைத் தாமே கற்றார். பின்னர் அருங்காட்சியகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1872-இல் நினிவே நகரத்துப் பலகை ஒன்றில், கப்பல் ஒரு மலையில் தங்கியதையும், அதிலிருந்து ஒரு புறா பறக்கவிடப்பட்டதையும் படித்தார். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அதை அறிஞர் அவையில் அறிவித்தபோது, பிரதமர் கிளாட்ஸ்டன் அங்கே அமர்ந்து கேட்டார். பலகையில் ஒரு பகுதி உடைந்து போயிருந்தது. 'டெய்லி டெலிகிராப்' நாளிதழ் 1,000 கினி பணம் தந்து அனுப்ப, 1873-இல் நினிவே மேட்டில் தோண்டி, வெள்ளக் கதையின் விடுபட்ட துண்டு ஒன்றையும் கண்டெடுத்தார்! 1876-இல் அலெப்போ நகரில் நோயுற்று இறந்தபோது அவருக்கு வயது 36. பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காதவர். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்ட இடமிருந்தால் இவருடைய படத்தையே மாட்டுவேன்.

அந்தக் கதைக்கு வருவோம். மனிதர்கள் பெருகிக் கூச்சலிட்டார்கள். அதனால் என்லில் என்ற தெய்வத்திற்கு உறக்கம் கெட்டது. இதுதான் 'அத்ராகாசிஸ்' என்ற பழங்கதையில் வெள்ளத்திற்குக் காரணம். (காசிமேட்டில் மீன் ஏலம் விடும் நேரத்தில் இந்த என்லில் ஒரு நாள் வந்து படுத்துப் பார்க்க வேண்டும்.) நோயை அனுப்பினான், பஞ்சத்தை அனுப்பினான், கடைசியில் வெள்ளத்தை அனுப்பத் துணிந்தான். மனிதரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று தெய்வங்களெல்லாம் ஆணையிட்டுக்கொண்டன. ஈயா என்ற தெய்வத்திற்கு மனம் பொறுக்கவில்லை. ஆணையை மீறாமல் ஒரு வழி கண்டது. மனிதனிடம் சொல்லவில்லை, அவன் குடியிருந்த நாணல் குடிசையின் சுவரிடம் சொல்லிற்று. சுவருக்குக் காது உண்டு என்று நாம் எச்சரிக்கையாகச் சொல்வோம். அங்கே அதுவே ஓர் உயிரைக் காப்பாற்றியது. சுவருக்குப் பின்னால் இருந்தவன் கேட்டான், படகு கட்டினான், பிழைத்தான். புயல் தொடங்கியதும் தெய்வங்களே அஞ்சி நாய்களைப் போல் ஒடுங்கிக் கிடந்தன என்று கில்கமேசு காவியம் கூறுகிறது. தம் வேலையைக் கண்டு தாமே நடுங்கும் தெய்வங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

படகின் வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் இர்விங் பிங்கெல் என்னும் அறிஞர் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பலகையை விளக்குகிறார். அதிலுள்ள படகு வட்டமானது. கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிக் கூடைபோல் பின்னி, கீல் பூசிய மாபெரும் பரிசல்! ஒகேனக்கலில் பரிசல் ஏறியவர்களுக்கு வியப்பு இராது. அதன் பரப்பு ஏறத்தாழ 3,600 சதுர மீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். வட்டத்தின் பரப்புச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் விட்டம் 68 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதைச் சிறிய அளவில் கட்டிப் பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கேரளம்.

இராயபுரத்திலிருந்து ஒரு நடை

இவ்வளவு தொலைவு போவானேன்? இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஒருவர் நடந்து வந்தால், வழியிலேயே உலகத்து வெள்ளக் கதைகள் பல கிடைக்கும். இராயப்பர் என்று தமிழில் வழங்கும் பேதுருவின் பெயரால் அமைந்ததே இராயபுரம் என்பர். படகோட்டிகளின் கோயில் அது. அங்கே வாசிக்கப்படும் விவிலியத்தில் நோவாவின் கதை உண்டு. நாற்பது நாள் மழை, முந்நூறு முழ நீளப் பேழை, புறா, வானவில். வெள்ளத்திற்குக் காரணம் மனிதரின் தீமை. அடுத்த தெருக்களிலுள்ள பள்ளிவாசல்களில் அதே நோவா நூஹ் நபியாக நினைக்கப்படுகிறார். திருக்குர்ஆனில் கப்பல் தங்கும் மலை ஜூதி. நூஹ் ஊரார்க்கெல்லாம் நெடுங்காலம் எடுத்துரைத்தார், கேட்டவர் சிலரே. அவருடைய மகனே கேட்கவில்லை. மலையேறித் தப்பிக்கிறேன் என்று போய் மூழ்கினான். இப்பகுதியை நான் இருமுறை படித்தேன்.

அதே இராயபுரத்தில் பார்சி மக்களின் அக்கினிக் கோயில் ஒன்று 1910 முதல் இருக்கிறது. பிற சமயத்தார் உள்ளே செல்ல இயலாது. வெளியிலிருந்து கதவைப் பார்த்ததோடு சரி. அவர்களுடைய வெந்திதாத் என்னும் பழைய நூலில், யிமன் என்னும் முதல் அரசனிடம் அகுரமஸ்தா, கொடிய பனிக்காலம் வருகிறது என்று முன்னறிவிக்கிறார். பனி உருகினால் வெள்ளம். அதற்குப் படகு உதவாது என்பதுபோல், சுற்றிலும் அடைத்த ஒரு காப்பிடம் கட்டச் சொல்கிறார். மனிதர், கால்நடை, மரஞ்செடிகள் ஆகியவற்றின் வித்துகளை அதில் காக்க வேண்டும். இந்த யிமன் யார் தெரியுமா? வேதத்து யமனேதான் என்று மொழியறிஞர் காட்டுகின்றனர். நம்மிடம் உயிரைக் கவர வருபவன், அங்கே உயிர்களைக் காத்து வைப்பவன்! பனிமலை நாட்டார்க்குப் பனியால் அழிவு வரும் என்ற அச்சம். ஆற்றங்கரை நாட்டார்க்கு ஆற்றால் வரும் என்ற அச்சம். எல்லாம் ஒரே வெள்ளத்தின் நினைவு என்பாரும் உளர். எனக்கு அது ஒப்பவில்லை. 1928-29-இல் லியோனார்டு உல்லி என்பவர் ஈராக்கில் 'ஊர்' என்னும் பழம்பெரும் நகரத்தை அகழ்ந்தபோது, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட வண்டல் படிவைக் கண்டு, இதுவே அந்த வெள்ளம் என்றார். பக்கத்து நகரங்களில் கிடைத்த படிவுகள் வேறு வேறு காலத்தவை. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வெள்ளம்.

எகிப்தியரைப் பாருங்கள். நைல் ஆறு ஆண்டுதோறும் பெருகியது, அதனால் விளைந்தது, அப்பெருக்கையே ஹாப்பி என்ற தெய்வமாக வணங்கினார்கள். வெள்ளம் வராத ஆண்டுதான் அவர்களுக்குத் துன்பம்.

ஊர் பிழைக்கும் கதைகள்

இனி நம்மவை. சதபத பிராமணத்தில் மனு கைகழுவும் நீரில் ஒரு சிறு மீன் வருகிறது. "என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுவேன்" என்கிறது. பெரிதான பின் வெள்ளம் வரப்போவதை அறிவிக்கிறது. தன் கொம்பில் கப்பலின் கயிற்றைக் கட்டிக்கொண்டு வடமலைக்கு இழுத்துச் செல்கிறது. பாகவதத்தில் இதே கதை தெற்கே வந்துவிடுகிறது. மீனைக் கண்டவன் திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன், ஆறு கிருதமாலை. அதை வைகை என்று கொள்வர்.

தமிழ்நாட்டுத் தலபுராணங்களுக்கு வந்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. பாபிலோனிலும் கிரேக்கத்திலும் ஒரு மனிதன் பிழைக்கிறான். இங்கே ஓர் ஊர் பிழைக்கிறது. சீர்காழியில் இறைவன் தோணியில் ஏறி வந்து தங்கியதால் அது தோணிபுரம். குடந்தையில் வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் தங்கியது. மதுரையில் பாம்பு ஊரின் எல்லையைக் காட்டியது. அதே மதுரைக் கதைகளில் உக்கிரகுமார பாண்டியன் வேல் எறிய, கடல் வற்றியது. ஒற்றியூரில் நீரை ஒற்றியெடுத்தார். எல்லா ஊராரும் "வெள்ளம் வடிந்த இடம் எங்கள் வாசல்தான்" என்கிறார்கள். ஊர்ப்பற்று மிகுந்த மக்கள் நாம்!

ஆனால் பிழைக்காத ஊர்களும் நம்மிடம் உண்டு. இந்திர விழாவை மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை கூறுவதைத் தமிழாசிரியர்கள் நமக்கு உருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். முச்சங்கங்களும் இருந்த காலம் முறையே 4,440, 3,700, 1,850 ஆண்டுகள் என்பது அவ்வுரையின் கணக்கு. கணிதக்காரி என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். இம்மூன்று எண்களும் 37-ஆல் மீதியின்றி வகுபடும். ஈவு 120, 100, 50. இயல்பாக நடந்தவற்றை எண்ணி எழுதினால் இவ்வளவு ஒழுங்காக வருமா? யாரோ ஒருவர் கணக்குப் போட்டு அமைத்த எண்கள் இவை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடல் ஊர்களைக் கொண்டதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு உரையாசிரியர் வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஆயா பிறந்த தெருவே இப்போது கடலுக்குள்தான் இருக்கிறது.

நம் கரையில் கடல் தின்னும் கதைக்குத் தெய்வக் காரணம் தேவையில்லை. அலைகளால் மணல் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கரை இது. 1870-களின் நடுவில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். குறுக்கே சுவர் நின்றதால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையை அரித்தது. உலகத்தார் மெரினாவின் அழகைப் புகழ்வர். அந்த அழகில் எங்கள் மணலும் இருக்கிறது என்பதை இம்மலரில் பதிவு செய்துவைக்கிறேன். இன்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இடையிடையே தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே சீனக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பெருவெள்ளத்தை அடக்கக் குன் என்பவன், தானே வளரும் மாய மண்ணை விண்ணுலகிலிருந்து திருடி வந்து அணை போட்டான். ஒன்பது ஆண்டுகள் போராடியும் நீர் அடங்கவில்லை; அவனுக்கு மரண தண்டனை. அவன் மகன் யூ வேறு வழி பார்த்தான். நீரைத் தடுக்காமல், வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு விட்டான். பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தான். மூன்று முறை தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையவில்லையாம். பின்னர் அவனே அரசனானான். எல்லா நாட்டு வெள்ளக் கதைகளிலும் தெய்வத்தை எதிர்பாராமல் மண்வெட்டியை எடுத்தவன் இவன் ஒருவனே. எனக்கு மிகவும் பிடித்தவனும் இவனே. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் மேடிட்டும் சுருங்கியும் கிடப்பதைப் பார்க்கிற எவருக்கும் யூவைப் பிடிக்கும்.

எல்லாருக்கும் சொன்ன பாட்டிமார்

இப்போது என் இரண்டாவது கேள்விக்குத் திரும்புகிறேன். யாருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது? ஈயா சொன்னது ஒருவனுக்கு. மீன் சொன்னது மனு ஒருவனுக்கு. கிரேக்கத்தில் புரோமிதியசு தன் மகன் தியுகாலியனுக்குச் சொன்னான். ஒருவனுக்குச் சொல்லப்பட்டது, ஒருவன் வீடு பிழைத்தது, மற்றவரெல்லாம் மாண்டனர். கதை கேட்கும்போது நாம் படகில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். நீரில் இருந்தவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதையை இந்தோனேசியாவின் சிமலு தீவில் கண்டேன். 1907-இல் அங்கே ஆழிப்பேரலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அதில் தெய்வக் கோபமோ தப்பிப் பிழைத்த வீரனோ முக்கியமில்லை. நிலம் கடுமையாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் குன்றுக்கு ஓடு என்பதுதான் செய்தி. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளுள் அதுவும் ஒன்று. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர்கள் 7 பேர். தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களும், மனிதரைத் தின்னும் அலையைப் பற்றி முதியோர் சொன்ன கதையை நினைத்து மேட்டுக்கு ஓடிப் பிழைத்தனர்.

அதே நாளில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அப்போது நான் பிறக்கவில்லை. கடல் ஏன் இப்படி வருகிறது என்று தங்களுக்குப் புரியவே இல்லை என்று என் அம்மா சொல்லுவார். எங்களிடம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயிலும், அதற்கொரு வெள்ளக் கதையும் இருந்தன. நீர் வந்து, வடிந்துவிட்டது என்று மட்டும் அந்தக் கதை சொல்லும். வரும்போது என்ன செய்வது என்று சொல்லாது. ஆறுதல் சொல்லும் கதை ஒரு வகை. எச்சரிக்கும் கதை வேறு வகை. ஒற்றியூர்க் கதை முதல் வகையைச் சேர்ந்தது என்று ஆயாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சாமி ஒத்தி எடுத்த தண்ணி திரும்பி வராதுன்னு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஈயா சுவரிடம் சொன்னதை இப்போது கருவிகள் சொல்கின்றன. அது நல்லது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்களுக்கு நீர் கடலிலிருந்து வரவில்லை, மேற்கேயிருந்து வந்தது. அதோடு எண்ணெயும் வந்தது. நான் படித்த எந்த நாட்டு வெள்ளக் கதையிலும் நீரின் மேல் கறுப்பு எண்ணெய் மிதந்ததில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றன. வலைகள் பாழாயின. வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது.

அதை அகற்றியவர்களுள் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களும் இருந்தார்கள். தொழில் செய்யும் அதே படகுகளில் போய், குவளையாலும் வாளியாலும் மேலாக மேலாக அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றினார்கள். அள்ள வராத இடத்தில், எண்ணெயை உறிஞ்சும் பட்டைகளை நீரின்மேல் போட்டு ஒற்றி எடுத்தார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் கை வெளுக்கப் பல நாட்கள் ஆயின என்றார்கள்.